ஹாம்ஸ்டர் செல்லில் விளையும் மனித ஹார்மோன்: எஃப்.எஸ்.எச். ஊசி எப்படித் தயாராகிறது?

குழந்தைப்பேறு சிகிச்சையில் தினமும் வயிற்றில் போட்டுக்கொள்ளும் எஃப்.எஸ்.எச். (சினைப்பையின் நுண்பைகளைத் தூண்டும் ஹார்மோன்) என்ற அந்தச் சிறு ஊசிக்குள் என்ன இருக்கிறது, அது எங்கே எப்படி உருவாகிறது என்று சிகிச்சை பெறுபவர்களும் கேட்கிறார்கள், உயிரித்தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்களும் கேட்கிறார்கள். இரு தரப்பினருக்கும் சேர்த்தே இந்தப் பதில்கள். எவ்வளவு மருந்து, எத்தனை நாள் என்பதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

எஃப்.எஸ்.எச். உடலில் என்ன வேலை செய்கிறது?

மூளைக்கு அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி அதைச் சுரக்கிறது. பெண்ணின் சினைப்பையில் முட்டையைத் தாங்கியிருக்கும் நுண்பைகளை அது வளர வைக்கிறது. ஆணின் விதைப்பையில் விந்தணு உற்பத்திக்குத் துணை நிற்கிறது. இயல்பான மாதச் சுழற்சியில் பொதுவாக ஒரு நுண்பைதான் முழுமையாக முதிரும். சோதனைக்குழாய் சிகிச்சையில் பல முட்டைகள் தேவைப்படுவதால் வெளியிலிருந்து எஃப்.எஸ்.எச். கொடுத்துப் பல நுண்பைகளை ஒரே சமயத்தில் வளர்க்கிறார்கள்.

செல் வளர்ப்பு வருவதற்கு முன் இந்த மருந்து எங்கிருந்து கிடைத்தது?

மருந்துத் துறையில் பலரும் மறந்துவிட்ட வரலாறு இது. 1930-களில் சினைக் குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்த ஹார்மோனைப் பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். குதிரைப் புரதத்துக்கு எதிராக உடல் எதிர்ப்பொருளை உண்டாக்கியதால் மருந்து விரைவிலேயே பலனற்றுப் போனது. 1958-இல் ஸ்வீடனின் கார்ல் கெம்செல் இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்து எடுத்த சாற்றைக் கொண்டு முட்டை வெளியேற்றத்தைத் தூண்டிக் காட்டினார். மருந்து வேலை செய்தது. ஆனால் ஆஸ்திரேலியாவில் இத்தகைய சாற்றைப் பெற்ற பெண்களில் நால்வர் பின்னாளில் க்ரூட்ஸ்ஃபெல்ட்-ஜேகப் என்ற மூளைச்சிதைவு நோயால் இறந்தார்கள். 1985-இல் அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது. குழந்தை வேண்டும் என்று சிகிச்சைக்கு வந்த பெண்கள் அவர்கள். மருந்து எந்த மூலத்திலிருந்து வருகிறது என்று கேட்பதற்கு அவர்களுடைய மரணத்தைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து வந்தது சிறுநீர். மாதவிடாய் நின்ற பெண்ணின் சினைப்பை பதில் கொடுக்காததால் பிட்யூட்டரி எஃப்.எஸ்.எச்.-ஐ அள்ளிக் கொட்டுகிறது. அது சிறுநீரில் வெளியேறுகிறது. ரோமில் செரோனோ நிறுவனத்தின் பியரோ டோனினி அதைப் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டார். ஒரே இடத்தில் வாழும் வயது முதிர்ந்த பெண்கள் நிறையப் பேரின் சிறுநீர் தேவைப்பட்டது. இத்தாலியின் கன்னியர் மடங்கள் அதைத் தந்தன. புருனோ லுனன்ஃபெல்டின் சிகிச்சையில் அந்த மருந்தால் கருவுற்ற பெண் 1962-இல் இஸ்ரேலில் குழந்தை பெற்றார்.

நம் நாட்டுக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. 1978 அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் துர்கா என்ற சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் சிறுநீரிலிருந்து எடுத்த இந்த வகை ஹார்மோனைக் கொண்டு தாயின் சினைப்பையைத் தூண்டிப் பல முட்டைகளைப் பெற்றார். அதற்குச் சில வாரங்கள் முன்பு இங்கிலாந்தில் பிறந்த உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன், தூண்டுதல் இல்லாத இயற்கைச் சுழற்சியின் ஒற்றை முட்டையில் உருவானவர். இன்று உலகம் முழுவதும் நடக்கும் சிகிச்சை இந்த விஷயத்தில் கொல்கத்தாவின் வழியில்தான் போகிறது. முகோபாத்யாய் வாழ்ந்த காலத்தில் அவரைப் பெரும்பாலோர் நம்பவில்லை. 1981-இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

சிறுநீர் மருந்தின் சிக்கல் அளவில் இருந்தது. ஒரு பெண்ணின் ஒரு சுழற்சிக்கே 20 முதல் 30 லிட்டர் சிறுநீர் தேவைப்பட்டது. சோதனைக்குழாய் சிகிச்சை பரவப் பரவ எத்தனை மடங்கள் இருந்தாலும் போதாது என்ற நிலை வந்தது. கிடைத்த மருந்திலும் எஃப்.எஸ்.எச். சிறு பங்குதான். மற்றவை சிறுநீரின் வேறு புரதங்கள். தொகுதிக்குத் தொகுதி வீரியமும் மாறியது.

இன்சுலினைப் பாக்டீரியாவில் தயாரிக்கிறார்கள். எஃப்.எஸ்.எச்.-ஐயும் அப்படிச் செய்ய முடியாதா?

மாணவர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி. முடியாது. காரணத்தைப் புரிந்துகொண்டால் இந்தத் துறையில் பாதி புரிந்துவிடும்.

இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதம். அதன்மேல் சர்க்கரை எதுவும் ஒட்டியிருப்பதில்லை. எஃப்.எஸ்.எச்.-இன் கட்டமைப்பு வேறு. ஆல்ஃபா, பீட்டா என்று அதற்கு இரண்டு துண்டுகள். ஆல்ஃபாவில் 92 அமினோ அமிலங்கள், பீட்டாவில் 111. ஆல்ஃபாவுக்குள் 5 கந்தகப் பிணைப்புகள், பீட்டாவுக்குள் 6. இரண்டு துண்டுகளையும் சேர்த்து வைப்பது வேதிப்பிணைப்பு அன்று. பீட்டாவின் ஒரு பகுதி ஆல்ஃபாவைச் சுற்றி வளைத்துப் பிடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு துண்டிலும் இரண்டு இடங்களில் கிளைவிட்ட சர்க்கரைச் சங்கிலிகள் தொங்குகின்றன. பாக்டீரியாவுக்கு இந்தச் சங்கிலிகளைக் கட்டத் தெரியாது. ஈஸ்ட்டுக்குக் கட்டத் தெரியும், ஆனால் அது மேனோஸ் சர்க்கரையை அளவுக்கு மீறி அடுக்கிவிடும். மனித உடல் அத்தகைய புரதத்தை ரத்தத்திலிருந்து உடனே அகற்றிவிடும். மனிதச் சங்கிலிக்கு நெருக்கமானதைக் கட்ட ஒரு பாலூட்டி செல் வேண்டும்.

ஹாம்ஸ்டரின் சினைப்பை செல் என்கிறார்களே, சினைப்பை என்பதால்தான் அது இந்த ஹார்மோனைச் சுரக்கிறதா?

இல்லை. எஃப்.எஸ்.எச். எந்த விலங்கிலும் சினைப்பையில் பிறப்பதில்லை. சினைப்பை அதைப் பெற்றுக்கொள்ளும் உறுப்பு மட்டுமே. உறுப்பின் பெயர் பொருந்தியது வெறும் தற்செயல்.

1957-இல் அமெரிக்காவின் டென்வரில் தியோடர் பக் குரோமோசோம் ஆராய்ச்சிக்காகச் சீன ஹாம்ஸ்டரின் சினைப்பையிலிருந்து செல்களை எடுத்து வளர்த்தார். குரோமோசோம்களின் எண்ணிக்கை குறைவாக இருந்ததால் எண்ணுவதற்கு எளிது என்பதே அந்த விலங்கைத் தேர்ந்ததற்குக் காரணம். அந்தச் செல்களின் வழித்தோன்றல்கள்தான் இன்று சி.எச்.ஓ. செல்கள் என்று அழைக்கப்படுகின்றன. அவை வேகமாகப் பெருகுகின்றன, ரத்தத் திரவம் சேர்க்காத ஊடகத்திலும் (செல்லுக்கு உணவூட்டும் திரவம்) வாழப் பழகுகின்றன, மனிதரைத் தாக்கும் பல வைரஸ்கள் அவற்றில் எளிதில் வளர்வதில்லை. 1987-இல் மாரடைப்புக்கான டி.பி.ஏ. மருந்து அவற்றிலிருந்து வந்து அனுமதி பெற்றது. அதன் பிறகு மருந்துத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் வேறு செல்லைத் தேடிப் போகவில்லை என்றே சொல்லலாம்.

மனித மரபணுவை அந்தச் செல்லுக்குள் எப்படி நிலைக்க வைக்கிறார்கள்?

முதலில் ஒரு குறையுள்ள செல் வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கெயில் உர்லாப், லாரன்ஸ் சேசின் இருவரும் 1980-இல் டி.எச்.எஃப்.ஆர். என்ற நொதி இல்லாத சி.எச்.ஓ. செல்லை வெளியிட்டார்கள். அந்த நொதி இல்லையென்றால் டி.என்.ஏ.-வுக்கான மூலப்பொருளைச் செல்லால் தயாரிக்க முடியாது. வெளியிலிருந்து ஊட்ட வேண்டும்.

இப்போது எஃப்.எஸ்.எச். மரபணுவோடு டி.எச்.எஃப்.ஆர். மரபணுவையும் சேர்த்து உள்ளே செலுத்துகிறார்கள். பிறகு வெளி ஊட்டத்தை நிறுத்திவிடுகிறார்கள். மரபணுவை ஏற்றுக்கொண்ட செல் மட்டுமே பிழைக்கும். அடுத்து அந்த நொதியை முடக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுகிறார்கள். தப்பிக்க வேண்டுமானால் செல் அந்த மரபணுவின் நகல்களைப் பெருக்கிக்கொள்ள வேண்டும். அப்படிப் பெருகும்போது பக்கத்திலிருக்கும் எஃப்.எஸ்.எச். மரபணுவும் கூடவே பெருகுகிறது. செல்லின் உயிராசையையே உற்பத்திக்குத் திருப்பிவிட்ட இந்த யோசனையை எத்தனை முறை விளக்கினாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

எஃப்.எஸ்.எச்.-இல் இன்னொரு சிக்கலும் உண்டு. துண்டுகள் இரண்டு என்பதால் இரண்டு மரபணுக்களும் சரியான அளவில் வேலை செய்ய வேண்டும். ஆல்ஃபா தனியாக இருந்தாலும் செல்லை விட்டு வெளியே வந்துவிடும். பீட்டா தனியாக வெளியேறுவது கடினம், உள்ளேயே தேங்கிப்போகும். அதனால் பெரும்பாலும் பீட்டாவின் அளவுதான் முழு ஹார்மோனின் விளைச்சலை நிர்ணயிக்கிறது. ஃபோலிட்ரோபின் ஆல்ஃபா என்ற மருந்துக்கு இரண்டு மரபணுக்களையும் தனித்தனி டி.என்.ஏ. வாகனங்களில் ஏற்றினார்கள். ஃபோலிட்ரோபின் பீட்டாவுக்கு இரண்டையும் ஒரே வாகனத்தில் ஏற்றினார்கள். (பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இங்கே ஆல்ஃபா, பீட்டா என்பவை மருந்துகளின் பெயர்கள். இரண்டு மருந்துகளிலும் இரண்டு துண்டுகளும் உண்டு.)

நன்றாகச் சுரக்கும் செல்களில் ஒன்றைத் தனியே பிரித்து வளர்த்து, அதன் வாரிசுகளைக் குப்பிகளில் நிரப்பித் திரவ நைட்ரஜனில் உறைய வைக்கிறார்கள். அதற்கு முதன்மைச் செல் வங்கி என்று பெயர். பல ஆண்டுகளுக்கான உற்பத்தி அந்தக் குப்பிகளிலிருந்துதான் தொடங்கும்.

பயோரியாக்டருக்குள் என்ன நடக்கிறது?

பயோரியாக்டர் என்பது செல்களை வளர்க்கும் கலன். அதற்குள் 37 டிகிரி செல்சியஸ் வெப்பம், 7-க்கு அருகிலான அமிலக்காரநிலை, அளந்து விடப்படும் ஆக்சிஜன், குளுக்கோஸ், அமினோ அமிலங்கள். முதல் தலைமுறைத் தயாரிப்பில் செல்கள் நுண்ணிய மணிகளின்மேல் ஒட்டி வளர்ந்தன. பழைய ஊடகம் வெளியேற, புதிய ஊடகம் உள்ளே வந்துகொண்டே இருக்கும். வெளியேறும் ஊடகத்தில்தான் ஹார்மோன் கரைந்திருக்கும்.

அளவைக் கூட்டுவது மட்டுமே குறிக்கோள் என்றால் வேலை எளிது. செல் கழிக்கும் அம்மோனியா கலனில் சேர்ந்தால் சர்க்கரைச் சங்கிலியின் கடைசிக் கண்ணி சரியாக ஏறாது. செத்து உடையும் செல்கள் கக்கும் நொதிகள், ஏற்கெனவே ஏறிய கண்ணியையும் வெட்டிவிடும். ஒரு நாள் அதிகம் ஓட்டினால் அதிக ஹார்மோன் கிடைக்கலாம், ஆனால் அது மட்டமான ஹார்மோனாக இருக்கலாம். பயோரியாக்டர் அறையில் இருப்பவர்களின் உண்மையான கவலை இந்த இழுபறிதான்.

சர்க்கரைச் சங்கிலிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

மருந்தின் குணத்தை அதுதான் தீர்மானிக்கிறது. அமினோ அமில வரிசை மரபணுவில் எழுதியிருக்கிறது. எந்தச் செல்லில் போட்டாலும் அது மாறாது. சர்க்கரைச் சங்கிலிக்கு அப்படி எழுதிவைத்த வரிசை கிடையாது. அந்தச் செல்லில் எந்த நொதிகள் உள்ளன, அன்று கலனில் என்ன சூழல் நிலவியது என்பதைப் பொறுத்தே சங்கிலி அமையும்.

சங்கிலியின் நுனியில் இருப்பது சயாலிக் அமிலம். அது இல்லாமல் அடியிலுள்ள காலக்டோஸ் வெளியே தெரிந்தால், கல்லீரலில் அதற்கென்றே இருக்கும் ஏற்பி பிடித்து இழுத்துக்கொள்கிறது. ஹார்மோன் சினைப்பையை எட்டுவதற்குள் காணாமல் போகும். நுனி மூடிய ஹார்மோன் ரத்தத்தில் நீண்ட நேரம் சுற்றும். ஆயுள் மட்டுமல்ல, செயலும் சங்கிலியைச் சார்ந்தது. ஆல்ஃபா துண்டின் 52-ஆவது அமினோ அமிலத்தில் உள்ள சங்கிலியை நீக்கினால் ஹார்மோன் ஏற்பியில் போய் உட்காரும், ஆனால் செல்லுக்குள் செய்தி போவது பெருமளவு குறைந்துவிடும்.

எனவே ஒரு குப்பியில் இருப்பது ஒரே மூலக்கூறு என்று நினைக்க வேண்டாம். சயாலிக் அமிலம் கூடியும் குறைந்தும் உள்ள பல வடிவங்களின் கலவை அது. நம் உடலிலும் அப்படித்தான். மாதவிடாய் நின்ற பெண்ணின் எஃப்.எஸ்.எச்., இளம்பெண்ணுடையதைவிட அதிகச் சயாலிக் அமிலம் ஏறியது. கன்னியர் மடச் சிறுநீரிலிருந்து வந்ததும் அந்த முதிய வடிவம்தான்.

ஹாம்ஸ்டர் செல்லுக்கு இங்கே ஒரு போதாமை உண்டு. மனித பிட்யூட்டரி சயாலிக் அமிலத்தை இரண்டு விதமான இணைப்புகளில் ஏற்றும். சி.எச்.ஓ. செல்லில் ஒரு விதம் மட்டுமே நடக்கும், மற்றதற்கான நொதி அதில் செயல்படுவதில்லை. இந்த இடைவெளியை நிரப்ப ஃபெர்ரிங் நிறுவனம் பெர்.சி6 என்ற மனிதச் செல் வழியில் ஃபோலிட்ரோபின் டெல்டாவைத் தயாரித்தது. 2016 டிசம்பரில் ஐரோப்பா அனுமதித்தது. அமினோ அமில வரிசை அதேதான். உடலில் நடந்துகொள்ளும் விதம் வேறு. ஆகவே அதை யூனிட் கணக்கில் கொடுக்காமல் மைக்ரோகிராமில், பெண்ணின் எடையையும், சினைப்பையில் மீதமுள்ள முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ஹார்மோனின் அளவையும் பார்த்துக் கொடுக்கிறார்கள்.

ஊடகத்திலிருந்து ஹார்மோனை எப்படிப் பிரிக்கிறார்கள்? வைரஸ் பயம் இல்லையா?

ஃபோலிட்ரோபின் ஆல்ஃபாவுக்கு எஃப்.எஸ்.எச்.-ஐ மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருளைப் பூசிய குரோமட்டோகிராபித் தூண் (கலவையிலிருந்து பொருள்களைப் பிரிக்கும் குழாய்) பயன்படுகிறது. ஃபோலிட்ரோபின் பீட்டாவை மின்சுமை, நீர்வெறுப்பு, அளவு ஆகிய குணங்களைக் கொண்டு பல தூண்களில் படிப்படியாகப் பிரிக்கிறார்கள்.

வைரஸ் பயம் நியாயமானது. சி.எச்.ஓ. செல்லின் மரபணுத் தொகுதியிலேயே பழைய ரெட்ரோவைரஸ்களின் எச்சங்கள் உள்ளன. அவற்றிலிருந்து வைரஸ் போன்ற துகள்கள் வெளிவருகின்றன. அவை தொற்றுவதாகத் தெரியவில்லை என்றாலும், இருப்பதாகவே எடுத்துக்கொண்டு அகற்ற வேண்டும் என்பது விதி. வைரஸைச் செயலிழக்கச் செய்யும் படிகளையும் நானோமீட்டர் துளை வடிகட்டிகளையும் செயல்முறையில் சேர்ப்பது அதற்காகத்தான். வெளியிலிருந்தும் வைரஸ் நுழையலாம். 2009-இல் அமெரிக்காவின் ஆல்ஸ்டனில் ஜென்சைம் நிறுவனத்தின் சி.எச்.ஓ. கலன்களில் வெசிவைரஸ் புகுந்து உற்பத்தி நின்றது. அரிய மரபணு நோயாளிகள் தங்கள் நொதி மருந்துக்காகத் தவிக்க நேர்ந்தது. அது வேறு மருந்து, ஆனால் அதே செல், அதே வகைக் கலன்.

ஊசியில் ஹாம்ஸ்டரின் பாகம் ஏதாவது இருக்குமா?

செல்கள் வடிகட்டப்பட்டுவிடும். செல்லின் புரதமும் டி.என்.ஏ.-வும் மிக நுண்ணிய தடயங்களாக எஞ்சலாம், அவற்றுக்குக் கடுமையான வரம்பு உண்டு, ஒவ்வொரு தொகுதியிலும் அளக்கிறார்கள். மருந்துக்காக எந்த ஹாம்ஸ்டரும் கொல்லப்படுவதில்லை. 1957-இல் எடுத்த செல்களின் வாரிசுகளே இன்றும் வளர்கின்றன.

சீட்டில் யூனிட் என்றும் பெட்டியில் மைக்ரோகிராம் என்றும் இருக்கிறதே?

யூனிட் என்பது வீரியத்தின் அளவு. 1953-இல் ஸ்டீல்மன், போஹ்லி இருவரும் வகுத்த சோதனையில் இளம் பெண் எலிகளுக்கு ஹார்மோனைக் கொடுத்து, சினைப்பையின் எடை எவ்வளவு கூடுகிறது என்று பார்ப்பார்கள். விலங்குச் சோதனை என்பதால் முடிவு கணிசமாக ஏறி இறங்கும். மறுசேர்க்கை மருந்து (மரபணுவைச் செலுத்திய செல்லில் தயாராவது) போதிய அளவு தூய்மையாகவும் சீராகவும் வந்த பிறகு, புரதத்தின் எடையை வைத்தே குப்பியை நிரப்ப முடிந்தது. ஃபோலிட்ரோபின் ஆல்ஃபாவில் 75 யூனிட் என்றால் 5.5 மைக்ரோகிராம்.

இதை வைத்து ஒரு கணக்கு போடலாம். ஒரு பெண் நாளுக்கு 150 யூனிட் வீதம் 10 நாள் போட்டுக்கொண்டால் மொத்தம் 1,500 யூனிட், அதாவது 110 மைக்ரோகிராம். ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு சொச்சம். ஒரே ஒரு கிராம் தூய ஹார்மோன் இருந்தால் சுமார் 9,000 பெண்களின் சிகிச்சைச் சுழற்சிக்குப் போதும். 30 லிட்டர் சிறுநீரை நினைத்துக்கொண்டு இந்த எண்ணைப் பாருங்கள்.

எச்.சி.ஜி., எல்.எச். ஊசிகளும் இப்படித்தான் வருகின்றனவா?

ஆம், மறுசேர்க்கை வடிவங்கள் உண்டு. எச்.சி.ஜி. கர்ப்ப காலத்தில் சுரக்கும் ஹார்மோன், எல்.எச். முட்டை வெளியேற்றத்தைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன். எஃப்.எஸ்.எச். உட்பட மூன்றுக்கும் ஆல்ஃபா துண்டு ஒன்றே. பீட்டாதான் வேறு. எச்.சி.ஜி.-யின் பீட்டாவில் 145 அமினோ அமிலங்கள். அதன் வால்பகுதியில் கூடுதலாக நான்கு சர்க்கரைச் சங்கிலிகள். அதனால் அது ரத்தத்தில் ஒரு நாளுக்கும் மேல் தங்குகிறது. முட்டைகளை முதிரவைக்கும் கடைசி ஊசியாக 250 மைக்ரோகிராம் எச்.சி.ஜி. கொடுப்பது அதனால்தான் பலிக்கிறது.

செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இர்விங் பாய்ம் அந்த வாலை எஃப்.எஸ்.எச்.-இன் பீட்டாவோடு ஒட்டிப் பார்த்தார். அதிலிருந்து வந்ததே கோரிஃபோலிட்ரோபின் ஆல்ஃபா. ஐரோப்பா 2010-இல் அனுமதித்தது. ஒரே ஊசி முதல் ஏழு நாள்களுக்குப் போதும். ஊசிக்கு அஞ்சும் பெண்களுக்கு இது சின்ன விஷயமே இல்லை.

சிறுநீர் மருந்தைவிட இது மேலானதா? விலை கூடுதலாயிற்றே?

நேராகச் சொல்கிறேன். குழந்தை பிறக்கும் வாய்ப்பைக் கூட்டும் என்று நம்பிக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். 2011-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத்தொகுப்பு 42 சோதனைகளில் பங்கேற்ற 9,606 தம்பதிகளின் முடிவுகளை ஒன்றாகப் பார்த்தது. உயிருடன் குழந்தை பிறக்கும் விகிதத்தில் மறுசேர்க்கை மருந்துக்கும் சிறுநீர் மருந்துக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. சினைப்பை அளவு மீறித் தூண்டப்படும் ஆபத்திலும் அப்படியே.

செல் வளர்ப்பின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. யாருடைய சிறுநீரையும் நம்பியிராத வரத்து, தொகுதிக்குத் தொகுதி மாறாத வீரியம், தூய்மையால் தசைக்குப் பதில் தோலுக்கடியில் தானே போட்டுக்கொள்ளும் வசதி. 1995-இல் ஐரோப்பாவில் முதல் மறுசேர்க்கை எஃப்.எஸ்.எச். அனுமதி பெற்றபோது கிடைத்தவை இவை. நல்ல முறையில் தூய்மையாக்கப்பட்ட சிறுநீர் மருந்தை உங்கள் மருத்துவர் எழுதினால் தயங்கவோ தாழ்வாக எண்ணவோ வேண்டியதில்லை.

இந்திய நிறுவனங்களின் மறுசேர்க்கை எஃப்.எஸ்.எச். அசல் மருந்துக்கு நிகரா?

இந்தியாவிலும் இது தயாராகிறது. ஐரோப்பாவில் 2013, 2014 ஆண்டுகளில் இரண்டு பயோசிமிலர்கள் (அசல் உயிரி மருந்துக்கு நிகராகத் தயாரித்த மருந்துகள்) அனுமதி பெற்றன. மாத்திரை மருந்தின் நகல் என்றால் மூலக்கூறு ஒன்றேதான். இங்கே நகலெடுப்பவர் கையில் மரபணு வரிசை இருக்கும், முதல் நிறுவனத்தின் செல் வங்கி இருக்காது. தன் செல்லை, தன் கலனை வைத்து அதே சர்க்கரைக் கலவைக்கு அருகே வர வேண்டும். வந்துவிட்டதை ஆய்வகச் சோதனையாலும் சிகிச்சைச் சோதனையாலும் நிறுவ வேண்டும். நிறுவியிருந்தால் பயமின்றிப் பயன்படுத்தலாம். சுழற்சியின் நடுவில் மருந்துக்கடைக்காரர் வேறு பெயருள்ள மருந்தைக் கொடுத்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

ஆண்களுக்கும் இந்த ஊசி உண்டா?

உண்டு. பிட்யூட்டரி போதிய ஹார்மோன் சுரக்காததால் விந்தணு உருவாகாத ஆண்களுக்கு எச்.சி.ஜி.-யோடு சேர்த்து மாதக்கணக்கில் கொடுக்கிறார்கள்.

வீட்டில் எப்படி வைத்திருப்பது?

2 முதல் 8 டிகிரிக்குள், குளிர்பெட்டியின் நடுத்தட்டில். உறையவைக்கும் அறையிலோ அதன் சுவரை ஒட்டியோ வைக்கக் கூடாது. உறைந்து உருகினால் இரண்டு துண்டுகளும் பிரிந்தோ திரண்டோ போகலாம், திரவம் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கலாம். சில பேனா ஊசிகளை 25 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் குறிப்பிட்ட காலம் வெளியே வைக்கலாம் என்று பெட்டியில் எழுதியிருக்கும். சித்திரை மாதத்தில் சென்னையிலோ மதுரையிலோ குளிர்சாதனம் இல்லாத எந்த அறையும் அந்த அளவுக்குள் நிற்காது என்பதால் குளிர்பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். கடையிலிருந்து வாங்கி வரும்போது பனிக்கட்டிப் பொதியோடு கேட்டு வாங்குங்கள். ஊசி பனிக்கட்டியை நேராகத் தொடாதபடி நடுவில் ஒரு துணி வைத்துக்கொள்ளுங்கள்.